கடையில் கிடைக்கும் பாட்டில் பீருக்கும் பெங்களூர் கிராஃப்ட் பீருக்கும் உண்மையிலேயே வித்தியாசம் உண்டா, இல்லை வெறும் ஆடம்பரமா?

வித்தியாசம் உண்டு, ஆடம்பரமும் உண்டு. இரண்டும் ஒரே மேசையில் வந்து உட்கார்ந்துகொள்வதால்தான் இந்தக் குழப்பம்.

கேள்வியின் தொனியைப் பார்த்தால், நீங்கள் அண்மையில்தான் வேலை மாறிப் பெங்களூருக்கு வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அலுவலக நண்பர்கள் இந்திராநகருக்கோ கோரமங்கலாவுக்கோ இழுத்துச் சென்றிருப்பார்கள். கலங்கலாக ஏதோ ஒரு கோப்பை வந்திருக்கும். வாழைப்பழ வாசனை அடித்திருக்கும். பில்லைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கு போட்டபோது வயிறு எரிந்திருக்கும். அந்த எரிச்சலில் பிறந்த கேள்வி இது. எரிச்சல் நியாயமானது. ஆனால் கேள்வியிலேயே ‘வெறும் ஆடம்பரம்’ என்று தீர்ப்பையும் சேர்த்து எழுதிவிட்டீர்களே, அதற்காகத்தான் நீளமாகப் பதில் சொல்ல உட்கார்ந்தேன்.

முதலிலேயே ஒன்று. நான் யாரையும் குடிக்கச் சொல்லவில்லை. “எத்தனை குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்திருக்கின்றன தெரியுமா” என்று எழுத விரல்களை முறுக்கிக்கொண்டிருப்பவர்களுக்கு: தெரியும். எங்கள் ஊரில், எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். குடிக்காமல் இருப்பவர் இந்தப் பதிலைப் படித்து ஆரம்பிக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ஏற்கெனவே குடிப்பவர் எதைக் குடிக்கிறோம் என்று தெரிந்து குடிக்கலாம் என்பதுதான் என் கட்சி. பீர் விற்பவர்கள் யாரிடமும் நான் ஒரு பைசா வாங்கவில்லை, கொடுத்ததுதான் அதிகம்.

கடையில் நீங்கள் வாங்கும் பாட்டிலில் இருப்பது அநேகமாக லாகர் வகை. பத்து டிகிரியை ஒட்டிய குளிர்ச்சியில் நிதானமாக நொதிக்கும் ஈஸ்டால் ஆனது. பார்லி மால்ட்டோடு, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியோடு, அரிசி, சோளம், சர்க்கரை என்று ஏதாவது ஒன்றும் சேரும். செலவும் குறையும், சுவையும் மெலியும். பிறகு கண்ணாடிபோல் வடிகட்டி, பாட்டிலில் அடைத்து, அறுபது டிகிரிச் சூட்டில் பாஸ்டரைஸ் செய்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். இதில் தவறு எதுவும் இல்லை. கோடிக்கணக்கான பாட்டில்களை ஒரே சுவையில் தருவது சாதாரண வித்தையும் அல்ல. ஆனால் அந்தப் பாட்டில் மே மாதக் கிடங்கில் வெந்து, கடையின் தகரக் கூரைக்கு அடியில் கிடந்து உங்கள் கைக்கு வருகிறது. லேபிளில் தயாரித்த தேதி இருக்கிறது, யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. பழசாகிப்போன பீரில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வரும். பச்சைப் பாட்டிலை வெளிச்சத்தில் வைத்திருந்தால் பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள் சிதைந்து ஒரு கெட்ட நாற்றம் வரும். நம்மவர்கள் இதையெல்லாம் கண்டுகொள்ளாததற்குக் காரணம், நாக்கு மரத்துப்போகும் குளிர்ச்சியில் குடிப்பதுதான். இந்தியாவில் விற்கும் பீரில் பெரும்பகுதி ‘ஸ்ட்ராங்’ ரகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை வாங்குபவர் சுவையை எதிர்பார்த்து வாங்குவதில்லை.

கிராஃப்ட் பீர் அப்படியல்ல. மைக்ரோ புரூவரி என்ற சிறிய ஆலையில், பரிமாறும் அதே கட்டடத்தில் தயாராகி, தொட்டியிலிருந்து குழாய் வழியாக நேரே கோப்பைக்கு வருகிறது. பெரும்பாலும் வடிகட்டுவதில்லை, பாஸ்டரைஸ் செய்வதும் இல்லை. கலங்கல் அதனால்தான். ஈஸ்ட் இன்னும் உயிரோடு இருக்கிறது. லாகருக்கு மாறாக, ஏல் என்ற இன்னொரு பீர் வகையின் ஈஸ்ட் இருபது டிகிரி வாக்கில் வேகமாக வேலை செய்யும், வாசனைகளை அள்ளிக் கொட்டும். இதற்கிடையில், பாட்டில் பீரில் கிளிசரின் கலக்கிறார்கள் என்று சொல்லிப் பாட்டிலைத் தண்ணீரில் தலைகீழாகக் கவிழ்க்கும் நண்பர் ஒருவர் உங்களுக்கும் இருப்பார். நொதிக்கும்போது ஈஸ்டே சிறிதளவு கிளிசரின் உண்டாக்குகிறது. அது கவிழ்த்தால் வெளியேறும் சரக்கு அல்ல. அவரிடம் சொல்லிப் பாருங்கள், கேட்கமாட்டார்.

இந்த ஊருக்குப் பீர் புதிதல்ல. தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915-ல் தென்னிந்தியாவின் ஐந்து ஆலைகளை ஒன்றாக இணைத்து யுனைடெட் புரூவரிஸைத் தொடங்கினார். இன்று விட்டல் மல்லையா சாலையில் விலையுயர்ந்த கடைகளோடு நிற்கும் யு.பி. சிட்டி, ஒரு காலத்தில் அவர்களுடைய ஆலை இருந்த இடம். ஆக, பெரிய ஆலை பழைய கதை, சிறிய ஆலைதான் புதிய கதை. புனேயில் 2009-ல் டூலாலி, இங்கே 2010-ல் இந்திராநகர் நூறடிச் சாலையில் மூன்று நண்பர்கள் தொடங்கிய டாய்ட். அமெரிக்காவின் மிச்சிகனில் படித்த ஒருவர், தான் மாணவராக இருந்தபோது போய்வந்த ஆன் ஆர்பர் நகரத்து மதுக்கூடத்தின் உரிமையாளர்களைச் சம்மதிக்க வைத்து, அதே பெயரில் 2012-ல் இங்கே ஆர்பர் புரூயிங் கம்பெனியைத் திறந்தார். வொயிட்ஃபீல்டில் ஜாஸ் அரங்கோடு விண்ட்மில்ஸ் வந்தது. அதன் பிறகு வந்தவற்றை எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். “வெள்ளைக்காரன் பழக்கம் நமக்கு எதற்கு” என்பவர்களுக்கு ஒரு தகவல்: ஐ.பி.ஏ. என்ற கசப்பான பீர் வகையின் முழுப் பெயர் ‘இந்தியா பேல் ஏல்’, அந்தப் பெயரில் இருக்கும் இந்தியா நாம்தான். லண்டன் கிழக்குப் பகுதியில் ஹாட்சன் என்பவரின் ஆலையிலிருந்து கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் பம்பாய்க்கும் பீப்பாய்கள் கப்பலேறின. ஹாப்ஸை அள்ளிப் போட்டால்தான் கடல் பயணம் தாங்கும் என்று அதற்காகவே கண்டுபிடித்தார்கள் என்பது மட்டும் மிகையான கதை. போர்ட்டர் என்ற கறுப்பு நிற பீரும் அதே கப்பல்களில்தான் வந்தது, சாதாரணச் சிப்பாய்கள் அதைத்தான் குடித்தார்கள்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளலாம். எனக்கு இந்த விஷயத்தில் உறுதி வந்தது வேறு ஒருவரால். அவர் வாழ்க்கையில் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை.

என் மாமனார் நாமக்கல் பக்கத்தில் ஒரு சர்க்கரை ஆலையில் கெமிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆலையோடு சேர்ந்த டிஸ்டிலரியின், அதாவது சாராய ஆலையின், ஆய்வகத்திலும் சில காலம் வேலை பார்த்தார். ஏன் குடிப்பதில்லை என்று கேட்டால் காந்தியையோ கடவுளையோ இழுக்கமாட்டார். “மொலாசஸ் தொட்டியை வெயில் காலத்தில் பக்கத்தில் நின்று பார்த்தவனுக்கு பிராந்தி இறங்காது மாப்பிள்ளை” என்பார். மொலாசஸ் என்பது சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகு, அதிலிருந்துதான் சாராயம் காய்ச்சுகிறார்கள். அவ்வளவுதான்.

பேத்தியைப் பார்க்க இங்கே வந்திருந்தார். மனைவிக்குப் பதவி உயர்வு வந்த வாரம். அவள் வேலை பார்க்கும் இடத்துக்குப் பக்கத்தில், மரங்களெல்லாம் நட்டு விசாலமாக இருக்கும் ஓரிடத்தில் மதியச் சாப்பாடு என்று முடிவாயிற்று. பீட்சா நன்றாக இருக்கும் என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருந்தோம். பொய் அல்ல, பீட்சா நன்றாகவே இருக்கும்.

உள்ளே நுழைந்ததும் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் வரிசையாக நின்ற எஃகுத் தொட்டிகளைப் பார்த்து நின்றுவிட்டார். “என்ன மாப்பிள்ளை, பாய்லிங் ஹவுஸ் மாதிரி இருக்கிறது?” சர்க்கரை ஆலையில் சாற்றைக் காய்ச்சும் பகுதிக்கு அதுதான் பெயர். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் மெனு கார்டைப் பார்த்தாள். வேறு வழியின்றி விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவார் என்று பயந்தேன், அவரோ கண்ணாடியை மூக்குக்கு ஏற்றிக்கொண்டு, “உள்ளே விடுவார்களா?” என்று கேட்டார்.

வார நாள், மதியம், கூட்டம் இல்லை. விட்டார்கள். புரூவராக, அதாவது பீர் தயாரிப்பவராக, இருந்தது மைசூர்ப் பக்கத்துப் பெண். முப்பது வயதுகூட இருக்காது, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். தமிழ் ஓரளவு பேசினாள், மீதிக்கு நான் இருந்தேன். சிறிது நேரத்தில் நான் தேவைப்படவில்லை. இருவருக்கும் பொதுவாக எண்கள் இருந்தன.

“அம்மிணி, ஆரம்பத்தில் எத்தனை பிரிக்ஸ்?” என்றார். கரைசலில் நூற்றுக்கு எத்தனை பங்கு சர்க்கரை என்ற கணக்கு அது. பீர்க்காரர்கள் அதையே பிளாட்டோ என்ற பெயரில் அளக்கிறார்கள். பன்னிரண்டு என்றாள். “எங்கள் ஆலைச் சாறே அதைவிட அதிகம்” என்றார் பெருமையாக. இப்போது எத்தனை என்று கேட்டார். மூன்று. தலையை ஒரு பக்கம் சாய்த்து மனக்கணக்குப் போட்டு, “அப்படியானால் ஆல்கஹால் ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு” என்றார். அவள் சுவரில் தொங்கிய பதிவேட்டைத் திருப்பிக் காட்டினாள். நான்கு புள்ளி எட்டு.

அந்தக் கணத்திலிருந்து அவள் அவரை வாடிக்கையாளரின் மாமனாராக நடத்தவில்லை. மால்ட்டை அரைத்து, அறுபத்தாறு டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக உடைகிறது என்று விளக்கினாள். “எங்களுக்கு அந்த வேலையைக் கரும்பே செய்துவிடுகிறது” என்றார். சக்கை எங்கே போகிறது என்று கேட்டார். அவர்கள் ஆலையில் கரும்புச் சக்கை பாய்லருக்குப் போகும், இங்கே ஊறிய தானியச் சக்கை மாட்டுப் பண்ணைக்குப் போகிறது. ஈரம் அதிகம், ஒரு நாள் தாண்டினால் புளித்துவிடுமே என்றார். அதனால்தான் அன்றன்றே வண்டி வந்துவிடும் என்றாள். ஊரில் இரண்டு எருமைகள் வைத்திருப்பவர் என்பதால் இந்தப் பேச்சு மட்டும் வெகுநேரம் ஓடியது.

பிறகு சுத்தம். அவள் வேலையில் பெரும்பகுதி கழுவுவதுதானாம். சூடான காஸ்டிக் சோடா கரைசலை ஓட்டி, அலசி, அமிலம் ஓட்டி, மறுபடி அலச வேண்டும். எங்கேயாவது ஒரு வால்வு இடுக்கில் பாக்டீரியா தங்கினால் ஒரு தொட்டி முழுவதும் சாக்கடைக்குத்தான். மாமனார் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துக் காட்டி, “லியூகோநாஸ்டாக்” என்றார். அரவைப் பகுதியில் ஒரு ஷிஃப்ட் நீராவி அடிக்காமல் விட்டால், சாற்றைச் சளிபோல் ஆக்கிவிடும் கிருமி அது. முப்பது வருடம் அதோடு மல்லுக்கட்டியவர். அவள் சிரித்துக்கொண்டே தன் எதிரிகளின் பெயர்களைச் சொன்னாள். பக்கத்து மேசையில் பிறந்தநாள் கேக் வெட்டிக்கொண்டிருந்தவர்கள், பூட்ஸ் போட்ட பெண்ணும் வேட்டி கட்டிய கிழவரும் கிருமிகளைப் பற்றி உற்சாகமாகப் பேசுவதை வேடிக்கை பார்த்தார்கள்.

கடைசியாகக் கோதுமை பீர். ஒரு சிறு கோப்பையில் பிடித்துக் கொடுத்தாள். குடிக்கமாட்டேன், முகர்ந்து பார்க்கிறேன் என்று வாங்கினார். உடனே முகம் சுளித்தார். “வாழைப்பழ எசென்ஸ் ஊற்றுகிறீர்களா?” நீங்கள் முதல் நாள் சந்தேகப்பட்டிருப்பீர்களே, அதே கேள்வி. இல்லை, அது ஈஸ்டின் வேலை, அந்த ரக ஈஸ்ட் நொதிக்கும்போது அந்த வாசனை தரும் எஸ்டர் என்ற சேர்மத்தைத் தானாக உண்டாக்கும் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, “ஐசோஅமைல் அசிடேட்” என்று முடித்துவைத்தார். எசென்ஸ் புட்டியில் இருப்பதும் அதே சேர்மம்தான். மறுபடி முகர்ந்தார். “கிராம்புகூட இருக்கிறது” என்றார். அதுவும் ஈஸ்ட்தான். வாழைப்பழமும் இல்லை, கிராம்பும் இல்லை. கோதுமை, பார்லி, ஹாப்ஸ், தண்ணீர், ஈஸ்ட், அவ்வளவே. அவர் கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மோர் கேட்டார், இல்லை என்றார்கள். எலுமிச்சை சோடா கொண்டுவந்தார்கள். அன்றைய பில்லில் அவருக்குக் கோபம் வரவழைத்த ஒரே வரி அந்த சோடாவின் விலைதான்.

உங்கள் கேள்விக்கு என் பதில் அந்தக் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால்தான் இருக்கிறது. தயாரித்தவர் அங்கேயே நிற்கிறார். என்ன போட்டாய், எப்போது போட்டாய், ஏன் இந்த வாசனை என்று கேட்டால் பதில் வருகிறது. பாட்டிலிடம் எதையும் கேட்க முடியாது. நான் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி புதிதாக இருப்பதற்கு, ஒரு பகுதி அந்தப் பதிலுக்கு. இன்னொரு பகுதி வரிக்கும் நூறடிச் சாலை வாடகைக்கும் போகிறது என்பதையும் மறுக்கமாட்டேன்.

குறைகளே இல்லையா என்றால், நிறைய. முதல் குறை, நாலைந்து நல்ல இடங்களைத் தவிர எல்லாரும் அதே பட்டியலைத்தான் வைத்திருக்கிறார்கள்: ஒரு கோதுமை பீர், பெல்ஜியன் விட் என்ற இன்னொரு கோதுமை பீர், ஒரு லாகர், ஒரு ஐ.பி.ஏ., ஸ்டவுட் என்ற ஒரு கறுப்பு பீர். மாம்பழக் காலத்தில் ஒரு மாம்பழ பீர் வரும். இரண்டாவது, சத்தம். எட்டு மணிக்கு மேல் ஒலிபெருக்கியை முடுக்கிவிடுகிறார்கள். ஆறு வார உழைப்பில் ஒரு பெண் மெல்லிய வாசனையுள்ள லாகர் செய்து வைத்திருக்கிறாள், எதிரில் இருப்பவரின் காதில் கத்திக்கொண்டே அதைக் குடிக்க வேண்டியிருக்கிறது. மூன்றாவது இந்த ஊரின் குறை அல்ல, என் சொந்த ஆதங்கம்: பனங்கள்ளும் தென்னங்கள்ளும் 1987-லிருந்து தமிழ்நாட்டில் தடை. எல்லை தாண்டிப் பாலக்காட்டில் பலகை மாட்டி விற்கிறார்கள். மரத்திலிருந்து இறக்கிய அன்றே குடிக்க வேண்டிய உள்ளூர்ப் பானத்தைத் தடுத்துவிட்டு மொலாசஸ் பிராந்தியை அரசே விற்கிறது. இதைப் பற்றித் தனியாக யாராவது கேட்டால் எழுதுகிறேன், இங்கே ஆரம்பித்தால் நிற்காது.

குடிப்பவர்கள் என்றாலே விரல்களை முறுக்கிக்கொண்டு வருபவர்களைப் பற்றி ஆரம்பத்தில் சொன்னேன் அல்லவா? அந்தப் பட்டியலில் முதலிடம் என் பழைய வீட்டு உரிமையாளருக்கு. பெங்களூரில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பார்கள் என்பது இந்நேரம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். காலி செய்யும்போது ஒரு மாத வாடகையை வெள்ளையடிக்க என்று பிடித்துக்கொள்வார்கள், அதுவும் ஊர் வழக்கம். சரி. 2020 ஊரடங்கின்போது மைக்ரோ புரூவரிகளிலிருந்து பீரை வீட்டுக்கு வாங்கிச் செல்லக் கொஞ்ச காலம் அனுமதித்தார்கள். அந்தக் கண்ணாடிக் குடுவைகள் அழகாக இருக்கின்றன என்று சமையலறை அலமாரியில் வைத்திருந்தோம். ஒன்றில் துவரம்பருப்பு, ஒன்றில் வெல்லம். வீட்டைப் பார்வையிட வந்தவர் அவற்றை எண்ணினார். எண்ணிவிட்டு, “இப்படிப்பட்டவர்கள் இருந்த வீடு” என்று சொல்லி இரண்டு மாத வாடகையைக் கழித்தார். சுவரில் ஒரு கீறல் இல்லை. குழந்தை கிறுக்கிய இடத்தைக்கூட நாங்களே துடைத்திருந்தோம். ஒப்பந்தத்தில் இப்படி ஒரு விதி எங்கே என்று கேட்டேன். “நான் பூஜை செய்கிற வீடு சார்” என்றார். அவர் குடியிருப்பதோ ஜெயநகரில். காவல் நிலையம் போகலாமா, வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா என்று யோசித்து, வேலை, பள்ளிக்கூடம், வீடு மாற்றம் என்று எல்லாம் ஒன்றாக வந்ததில் விட்டுவிட்டோம். நீங்கள் வாடகைக்கு வீடு பார்க்கிறீர்கள் என்றால், முன்பணத்தில் எதற்கு எவ்வளவு கழிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பருப்பை பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள்.

கேள்விக்குத் திரும்புகிறேன். இன்னொரு முறை முயன்று பார்க்க மனம் இருந்தால் வெள்ளி, சனி வேண்டாம். செவ்வாய், புதன் மதியம் போங்கள். இந்திராநகர் என்றாலும் வொயிட்ஃபீல்டு என்றாலும் மெட்ரோவின் ஊதா வழித்தடம் இருக்கிறது, வண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். முழுக் கோப்பை வாங்காமல் சாம்பிளர் கேளுங்கள். எல்லாவற்றிலும் ஒரு சிறு கோப்பை வரும், வெளிர் நிறத்தில் தொடங்கிக் கறுப்புக்குப் போங்கள். கசப்பு பழக்கமில்லை என்றால் ஐ.பி.ஏ.வில் ஆரம்பிக்க வேண்டாம். ஸ்டவுட் வந்ததும் குடிக்காமல் கொஞ்ச நேரம் விட்டுவையுங்கள். குளிர் குறைந்தால்தான் காபி, சாக்லேட் வாசனை எழும். எது எப்போது தொட்டியில் ஏறியது என்று பரிமாறுபவரிடம் கேளுங்கள். பதில் தெரிந்த இடம் நல்ல இடம், “எல்லாமே ஃபிரெஷ்தான் சார்” என்றால் சந்தேகப்படுங்கள். கோப்பையில் தியேட்டர் பாப்கார்ன்போல வெண்ணெய் வாசனை அடித்தால், ஈஸ்ட் வேலையை முடிப்பதற்குள் அவசரப்பட்டுக் குளிரவைத்திருக்கிறார்கள் என்று பெரும்பாலும் அர்த்தம். தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். நல்ல இடம் என்றால் மாற்றித் தருவார்கள். தராவிட்டால், இந்திராநகரில் அடுத்த தெருவிலேயே இன்னொன்று இருக்கிறது.